ஏழுக்கு மூன்று

கல்முனையில் பாடசாலைச் செஸ் போட்டி நடத்துகிறவன் முதலில் பார்க்கவேண்டியது பள்ளிவாசல் நேரத்தை. ஆளுக்கு 25 நிமிடக் கடிகாரம் என்றால் ஒரு சுற்றுக்கு ஐம்பது நிமிடம், அடுத்த சுற்றுக்கான சோடிகளைப் போட்டுச் சுவரில் ஒட்டப் பத்து நிமிடம். எட்டரைக்குத் தொடங்கினால் மூன்று சுற்று முடியப் பதினொன்றரை. நாலாவதையும் உள்ளே தள்ள ஆசைப்பட்டால் ளுஹருக்குப் பாங்கு சொல்லும்போது ஏதோ ஒரு மேசையில் ஒரு பையன் ராசாவும் ஒரு காலாளுமாகத் தலையைப் பிடித்துக்கொண்டிருப்பான். ஆகவே மூன்று சுற்று, தொழுகை, சாப்பாடு, பிறகு மிச்சம்.

இதில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். எங்களுக்கு இது நடைமுறை. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். சூது கலக்காமல், தொழுகையைத் தவறவிடாமல் ஆடும் சதுரங்கம் அந்த மத்ஹபில் ஹராம் (தடை) அல்ல, மக்ரூஹ் (விரும்பத்தகாதது) என்பது இமாம் நவவி போன்றோரின் நிலைப்பாடு. ஹராம் என்றே சொல்கிற ஆலிம்களும் ஊரில் உண்டு. மகனைப் போட்டிக்கு அனுப்பவா வேண்டாமா என்று வாசலில் நின்று யோசிக்கிற வாப்பாவுக்கு நான் காட்டக்கூடியது நேர அட்டவணை ஒன்றுதான். தொழுகைக்கு இடம் விட்டிருக்கிறது, பணப்பரிசு கிடையாது, சான்றிதழும் கேடயமும் மட்டும். அதைப் பார்த்துவிட்டு அனுப்பியவர்கள் நிறையப் பேர்.

நான் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறவன். மத்தியஸ்தர் வேலை சனிக்கிழமை வேலை. சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், சம்மாந்துறை என்று பிள்ளைகள் வருவார்கள். நூறு பேர் வந்தால் எல்லோரையும் எல்லோரோடும் ஆடவைக்க முடியாது. அதனால் சுவிஸ் முறை. 1895இல் சூரிச் நகரத்துப் போட்டி ஒன்றில் தொடங்கிய ஏற்பாடு அது. இன்றைக்கும் அதைவிட நல்லது யாருக்கும் அகப்படவில்லை. வென்றவனை வென்றவனோடும் தோற்றவனைத் தோற்றவனோடும் மோதவிடு, ஒருமுறை மோதியவர்களைத் திரும்ப மோதவிடாதே, கறுப்பும் வெள்ளையும் மாறிமாறிக் கிடைக்கட்டும், ஆள் ஒற்றைப்பட்டால் கடைசியில் நிற்கிறவனுக்கு ஆடாமலே ஒரு புள்ளி கொடு. ஏழு சுற்றில் நூறு பேரில் முதலாவது ஆளை ஓரளவு நம்பிச் சொல்லலாம். பன்னிரண்டாவது யார், பதின்மூன்றாவது யார் என்பதெல்லாம் புக்ஹோல்ஸ் கணக்கில் தொங்குகிறது. எதிராளிகள் எடுத்த புள்ளிகளைக் கூட்டி இவனுக்குத் தரம் போடும் கணக்கு அது. இதை ஒரு உம்மாவுக்கு விளங்கப்படுத்திப் பாருங்கள்! “என்ட மகனும் அஞ்சு, அந்தப் புள்ளையும் அஞ்சு. அதென்ன சேர், அவனுக்கு மட்டும் கேடயம்?”

பகல் வேலை இது. இராவில் எனக்கு வேறொரு போட்டி. அதில் உம்மாமார் இல்லை. ஆடுகிறவர்களும் மனிதர்கள் இல்லை.

எஞ்சின்கள் எனப்படும் செஸ் ஆடும் நிரல்களை ஒன்றோடொன்று மோதவிடும் பழக்கம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று சரியாகச் சொல்லத் தெரியாது. ஸ்டொக்ஃபிஷ் இலவசமாகக் கிடைத்தது, கையில் ஒரு பழைய கணினி இருந்தது, நோன்பு காலத்தில் தராவீஹ் முடிந்தபின் சஹர் வரைக்கும் கண்விழித்திருக்க ஒரு சாட்டு வேண்டியிருந்தது. பிறகு ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பழைய மாணவன் ஒருவன் கோ என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்து காட்டினான். குறுக்கும் நெடுக்கும் 19 கோடுகள், 361 சந்திகள், கறுப்புக் கல், வெள்ளைக் கல். ஒருமுறை வைத்த கல் நகராது. எதிரியின் கல்லைச் சுற்றி வளைத்தால் எடுக்கலாம். இறுதியில் அதிக நிலம் யாரிடமோ அவர் வென்றார். விதி இவ்வளவுதான். ஒரு பின்னேரத்தில் படித்துவிடலாம். சீனம், ஜப்பான், கொரியா மூன்றிலும் ஆயுளையே இதில் கழிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

“சேர், இதிலயும் மிஷினை மோதவிடலாமா?” என்று அவன் கேட்டான். விடலாம். ஆனால் செஸ்ஸில் இல்லாத தலைவலிகள் கோ ஆட்டத்தில் உண்டு. ஒரு மத்தியஸ்தனுக்கு அவை மிகவும் சுவையான தலைவலிகள்.

முதலாவது, ஆட்டம் முடிந்துவிட்டது என்று யார் சொல்வது? செஸ்ஸில் ராசா மாட்டிக்கொண்டால் கதை முடிந்தது. கோ ஆட்டத்தில் இருவரும் அடுத்தடுத்து ‘நான் வைக்கவில்லை’ என்று விட்டுக்கொடுத்தால்தான் முடிவு. அப்போதும் பலகையில் சாகப்போகிற கற்கள் எடுக்கப்படாமல் கிடக்கும். மனிதர்கள் பார்த்ததும் “இது செத்த கல்” என்று ஒத்துக்கொள்வார்கள். நிரல்கள் இரண்டு அப்படி ஒத்துப்போகும் என்று என்ன உத்தரவாதம்? கே.ஜி.எஸ். என்ற கோ சேவையகத்தில் 2005 முதல் நிக் வெட் என்பவர் நிரல்களுக்கென்றே ஒழுங்காகப் போட்டி நடத்திவந்தார். அங்கே இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஆட்டம் நின்றதும் எவையெவை செத்த கற்கள் என்று சேவையகம் இரு நிரல்களையும் தனித்தனியே கேட்கும். இரண்டின் பட்டியலும் ஒன்றானால் எண்ணி முடிப்பார்கள். வேறுபட்டால் ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கி, ‘செத்தது என்கிறாயா, அப்படியானால் உன் கையாலேயே எடு’ என்று விட்டுவிடுவார்கள். இரண்டாம் முறை இருவரும் நிறுத்தும்போது பலகையில் மிச்சமிருப்பதெல்லாம் உயிருள்ள கல். நல்ல ஏற்பாடு. ஆனால் ஆட்டத்தில் நன்றாக வென்றுகொண்டிருந்துவிட்டு, இந்தத் துப்புரவு வேலையை அதன் ஆசிரியர் எழுத மறந்த ஒரே காரணத்தால் தோற்கிற நிரலும் உண்டு. தோல்வி தோல்விதான். பகல் போட்டியில் முன்னணியில் இருக்கிற பையன் கடிகாரத்தை அமத்த மறந்து நேரத்தில் தோற்கும்போது நான் சொல்வதும் இதுவே.

இரண்டாவது, இயந்திரம் சொன்னதையே திரும்பச் சொல்லும். ஒரே நிலையில் ஒரே நேரம் கொடுத்தால் பல நிரல்கள் அதே நகர்வைத்தான் ஆடும். நூறு ஆட்டம் வைத்தேன் என்று பெருமைப்படுவீர்கள். திறந்து பார்த்தால் ஒரே ஆட்டம் நூறு தரம் நடந்திருக்கும். அதற்காகத் தொடக்க நகர்வுகளை நாமே விதவிதமாக வைத்துக்கொடுக்கவேண்டும். ஒவ்வொரு தொடக்கத்தையும் இரண்டு தரம் ஆடவிட்டு, இரண்டாம் முறை நிறத்தை மாற்றவேண்டும். டி.சி.இ.சி. என்று 2010இல் தொடங்கிய செஸ் எஞ்சின் போட்டித் தொடரில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். வல்ல எஞ்சின்கள் இரண்டைச் சமமான நிலையில் விட்டால் சமநிலைக்கு மேல் சமநிலையாக வந்து விழும். ஆகவே வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்த தொடக்கத்தைக் கொடுக்கிறார்கள். சாய்ந்த பக்கத்தை வைத்து நீ வென்றாயா, சாயாத பக்கத்தில் நின்று தப்பினாயா என்பதே அங்கே கேள்வி.

மூன்றாவது எங்கள் ஊர்ப் பிரச்சினை. கடற்கரை. உப்புக்காற்று உலோகத்தைத் தின்னும். மணல் விசிறிக்குள் போய் அடைத்துக்கொள்ளும். விசிறி அடைபட்டால் புரொசசர் சூடேறும், சூடேறினால் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வேகம் குறைந்தால் எஞ்சின் குறைவாக யோசிக்கும். ஒரே மாதிரியான இரண்டு லெப்டொப்பில் இரண்டு எஞ்சினை வைத்து மோதவிட்டு ‘இது வலியது’ என்று தீர்ப்புச் சொன்னால், உண்மையில் வென்றது எந்த விசிறி என்று கேட்கவேண்டிவரும். நான் செய்வது இரண்டையும் ஒரே கணினியில் வைப்பது. எதிராளியின் நேரத்தில் யோசிக்கும் வசதியை இரண்டுக்கும் அணைத்துவிடுவது. ஒவ்வொன்றுக்கும் இத்தனை கோர், இவ்வளவு நினைவகம் என்று பிரித்துக் கொடுப்பது. விண்டோஸ் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் வேலையை நிறுத்திவைப்பது. அப்படியும் கரண்ட் இருக்கவேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை போனது. அந்த மாதங்களில் நான் நடத்திய எஞ்சின் ஆட்டங்களின் முடிவுகளை நான் யாருக்கும் காட்டுவதில்லை. யூ.பி.எஸ். வாங்கியபிறகு நடந்தவற்றைத்தான் வைத்திருக்கிறேன்.

பெரிய போட்டிகளிலும் மனிதக் கையால் வரும் சிக்கல்கள் உண்டு. உலகக் கணினிச் செஸ் சாம்பியன்ஷிப் 1974இல் ஸ்டொக்ஹோமில் தொடங்கியது. சோவியத் நிரலான கைஸ்ஸா முதலாவது வென்றது. அந்தப் போட்டியில் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு ஆள் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, நிரல் சொல்கிற நகர்வைக் கையால் வைத்துக் கடிகாரத்தை அமத்துவார். 2011இல் ரிப்கா என்ற எஞ்சினில் வேறு எஞ்சின்களின் நிரல்வரிகள் இருக்கின்றன என்று முடிவுசெய்து, 2007 முதல் 2010 வரை அது வென்ற பட்டங்களைப் போட்டி நடத்தும் சங்கம் பறித்தது. செஸ் உலகம் இதைப்பற்றி இன்னும் சண்டை பிடிக்கிறது. எனக்கு அதில் கட்சி இல்லை. ஆனால் மத்தியஸ்தன் என்ற முறையில் ஒன்று பிடித்திருக்கிறது. மனிதப் போட்டியில் நாங்கள் பிறப்பத்தாட்சிப் பத்திரம் கேட்கிறோம், இவர்கள் நிரல்வரியைக் கேட்டார்கள்.

இனித் தலைப்புக்கு வருகிறேன். ஒருநாள் கணினி அறையில் பதினோராம் வகுப்புப் பையன்கள் இரண்டு எஞ்சின்களைப் பத்து ஆட்டத்துக்கு மோதவிட்டார்கள். ஏழுக்கு மூன்று. வெள்ளைப்பலகையில் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள்.

“சேர், ஏழுக்கு மூணு. எது வலியது எண்டு தெரிஞ்சிட்டுதானே?”

“மனே, ஒரு ரூபாக் குத்தி இரிக்கா?”

வகுப்பில் ஆளாளுக்கு ஒரு குத்தியை எடுத்துப் பத்துப் பத்துத் தரம் சுண்டச் சொன்னேன். பூ ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். குத்தியில் வலியது மெலியது கிடையாது. ஆனாலும் வகுப்பில் பலருக்கு ஏழுக்கு மூன்று வந்தது, சிலருக்கு எட்டுக்கு இரண்டே வந்தது. கணக்கும் அதைத்தான் சொல்கிறது. சமபலமான இருவர் பத்து ஆட்டம் ஆடினால், ஏழுக்கு மூன்றோ அதைவிடப் பெரிய வித்தியாசமோ வருவதற்கு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான வாய்ப்பு இருக்கிறது. பையன்கள் முகம் விழுந்துபோனது. ஒருவன் மட்டும், “அப்ப சேர், போன சனிக்கிழமை நான் தோத்ததும் அப்பிடித்தானே?” என்றான். அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. அவன் உண்மையிலேயே மோசமாக ஆடியிருந்தான்.

நூறு ஆட்டம் ஆடினாலும் பிழையெல்லை எலோ கணக்கில் இருபக்கமும் எழுபது புள்ளி அளவுக்கு நிற்கும். ஆயிரம் ஆட்டத்தில் அது இருபதளவுக்குச் சுருங்கும். எலோ என்பது ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் இயற்பியல் படிப்பித்த அர்பாட் எலோவின் பெயர். அவரது முறையை உலகச் செஸ் சம்மேளனம் 1970இல் ஏற்றுக்கொண்டது. நூறு புள்ளி கூடியவன் நூற்றுக்கு 64 எடுப்பான், இருநூறு கூடியவன் 76, நானூறு கூடியவன் 91. இதில் எண்ணின் வித்தியாசத்துக்குத்தான் பொருள் உண்டு, எண்ணுக்குத் தனியே கிடையாது. ஸ்டொக்ஃபிஷ் 3600, மக்னஸ் கார்ல்சன் உச்சத்தில் 2882 என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்ப்பது எல்லோருக்கும் ஆசை. ஆனால் அவை இரண்டும் வெவ்வேறு பட்டியல்கள். ஒன்றில் எஞ்சின்கள் தங்களுக்குள் ஆடியிருக்கின்றன, மற்றதில் மனிதர்கள். எஞ்சின் வலியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 720 புள்ளி வலியது என்று எழுதமாட்டேன், அவ்வளவுதான்.

ஸ்டொக்ஃபிஷ்காரர்கள் இதைத் தீர்த்துவைத்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 2013இல் கேரி லின்ஸ்கொட் ஃபிஷ்டெஸ்ட் என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். உலகெங்கும் உள்ள தொண்டர்கள் தங்கள் கணினியைக் கொடுக்கிறார்கள். யாராவது நிரலில் ஒரு வரியை மாற்றினால், பழைய ஸ்டொக்ஃபிஷும் புதியதும் ஆளுக்குப் பத்து செக்கன், ஒரு நகர்வுக்குப் பத்தில் ஒரு செக்கன் கூடுதல் என்று பல்லாயிரம் ஆட்டம் ஆடும். அதில் தேறினால் நீண்ட நேரக் கட்டுப்பாட்டில் இன்னொரு பரீட்சை. எத்தனை ஆட்டம் என்று முன்கூட்டியே தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு முடிவும் வரவர ‘போதும், நல்லது’ அல்லது ‘போதும், பயனில்லை’ என்ற இரண்டு எல்லையில் ஒன்றைத் தொடும்வரை ஆடிக்கொண்டே போகிறார்கள். ஓரிரண்டு எலோ கூட்டும் மாற்றமே அங்கே பெரிய வெற்றி. என் கணினியும் பல இரவுகள் அந்த வேலையில் இருந்திருக்கிறது. தராவீஹ் விட்டு வந்து பார்த்தால் கல்முனையில் ஆடிய ஆட்டங்கள் எண்ணிக்கையில் சேர்ந்திருக்கும். எந்த வரிக்காக ஆடின என்று எனக்கு விளங்காது, கவலையும் இல்லை.

இந்தத் தொடர் பரிசோதனை முறையைக் கண்டுபிடித்தவர் ஆபிரகாம் வால்ட் என்ற புள்ளிவிபரவியலாளர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், குண்டுகளையும் சரக்குகளையும் குறைந்த செலவில் தரம் பார்க்க அவர் வகுத்த கணக்கு அது. விரிவுரைக்காக இந்தியா வந்திருந்த வால்ட், 1950 டிசம்பரில் விமானம் நீலகிரி மலையில் விழுந்து மனைவியோடு இறந்துபோனார். ஸ்டொக்ஃபிஷ் அணி ஒரு மாற்றத்தை ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் வால்டின் கணக்குதான் ஒப்பமிடுகிறது. ஊட்டிக்குச் சுற்றுலா போகிற எங்கள் ஆட்கள் யாரும் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள்.

கோ ஆட்டத்தில் பலத்தைச் சொல்ல இன்னொரு வழி உண்டு. வல்லவன் மெலியவனுக்கு முன்கூட்டியே பலகையில் சில கற்களை வைத்துக்கொள்ள விடுவான். எத்தனை கல் கொடுத்தால் ஆட்டம் சமமாகிறதோ அதுவே இருவருக்கும் இடையிலுள்ள தூரம். எலோவைவிட இது எனக்கு நேர்மையாகப் படுகிறது, ஏனென்றால் கல்லைக் கையில் எடுத்து எண்ணலாம். கணினிக் கோவின் வரலாற்றையே இந்தக் கற்களில் சொல்லிவிடலாம். தாய்வான் தொழிலதிபர் இங் சாங்-கி, தொழில்முறை ஆட்டக்காரரைச் சமமாக நின்று வெல்லும் நிரலுக்கு நான்கு கோடி தாய்வான் டொலர் பரிசு அறிவித்திருந்தார். 2000ஆம் ஆண்டோடு கெடு முடிந்தது; பரிசுக்குக் கிட்ட யாரும் நெருங்கவில்லை. 2006இல் ரெமி குலோம் ‘கிரேஸி ஸ்டோன்’ நிரலில் புதிய வழி ஒன்றைக் கொண்டுவந்தார். நிலையை எடைபோடத் தெரியாவிட்டால் எடைபோடாதே. அங்கிருந்து கண்டபடி ஆயிரக்கணக்கில் ஆடி முடித்துப் பார், எந்த நகர்வு அதிகம் வெல்கிறதோ அந்தப் பக்கம் இன்னும் ஆழமாகத் தேடு. அதற்குப் பிறகு கற்கள் குறையத் தொடங்கின. 2008 ஓகஸ்டில் மோகோ என்ற நிரல் 800 கோர் கொண்ட மீகணினியில் ஓடி, எட்டாம் டான் தரத்துத் தொழில்முறை ஆட்டக்காரர் கிம் மியுங்-வானை ஒன்பது கல்லில் வென்றது. 2012இல் ஸென், தக்கேமியா மஸாக்கியை முதலில் ஐந்து கல்லில், பிறகு நான்கு கல்லில். 2013இல் கிரேஸி ஸ்டோன், இஷிடா யோஷியோவை நான்கு கல்லில். கல்லே வாங்காமல் வெல்ல இன்னும் பத்து வருஷம் ஆகும் என்று அப்போது பலர் சொன்னார்கள்.

2015 ஒக்டோபரில் அல்ஃபாகோ என்ற நிரல் ஐரோப்பியச் சாம்பியன் ஃபான் ஹுயியை ஒரு கல்லும் வாங்காமல் ஐந்துக்குச் சுழியம் என்று வென்றது. 2016 மார்ச்சில் சியோலில் தொழில்முறை ஆட்டக்காரர் லீ செடோலை நான்குக்கு ஒன்று. என் மாணவர்கள் அந்த ஆட்டங்களை இப்போது யூடியூப்பில் பார்க்கிறார்கள். இரண்டாம் ஆட்டத்தின் 37ஆவது நகர்வு, நான்காம் ஆட்டத்தில் லீயின் 78ஆவது நகர்வு என்று எண் சொல்லிப் பேசுகிறார்கள். ரூபாக் குத்தி வகுப்புக்குப் பிறகு வந்த ஒரு பெண்பிள்ளை என்னைச் சரியாகப் பிடித்தாள். நாலுக்கு ஒன்றும் குத்தியில் வரும்தானே சேர் என்றாள். வரும். சமபலமான இருவரில் இன்னார் ஐந்தில் குறைந்தது நான்கு வெல்வதற்கு நூற்றுக்குப் பத்தொன்பது வாய்ப்பு. சியோலின் ஐந்து ஆட்டங்கள் தனியாக எதையும் நிறுவவில்லை. சந்தேகத்தைத் தீர்த்தது அடுத்து வந்ததுதான். 2016 டிசம்பர் கடைசியில் ‘மாஸ்டர்’ என்ற பெயரில் இணையத்தில் இறங்கிய அதே அல்ஃபாகோவின் புதிய வடிவம், ஒரு கிழமைக்குள் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களோடு ஆடி 60 ஆட்டத்திலும் வென்றது. அறுபதுக்குச் சுழியம் குத்தியில் வராது. 2017 மே மாதம் வுஷென் நகரில் சீன ஆட்டக்காரர் கே ஜியே அல்ஃபாகோவிடம் மூன்று ஆட்டத்திலும் தோற்றபோது எனக்கு ஆச்சரியம் ஏதும் இருக்கவில்லை.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் படித்துக்கொடுத்துவந்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். பிறகு டேவிட் வூ 2019இல் வெளியிட்ட கட்டாகோ வந்தது. யாரும் இறக்கி வீட்டுக் கணினியில் ஓட்டக்கூடியது, எந்த மனிதனையும் வெல்லக்கூடியது. 2023இல் அந்தக் கட்டாகோவை கெலின் பெல்ரின் என்ற ஆட்டக்காரர் 15 ஆட்டத்தில் 14இல் வென்றார். அவர் தொழில்முறை ஆட்டக்காரர் அல்ல. கட்டாகோவைத் தோற்கடிக்கவென்றே ஒரு நிரலைப் பழக்கி, அது கண்டுபிடித்த ஓட்டையை அவர் கற்றுக்கொண்டிருந்தார். எதிரியின் கற்கூட்டத்தை ஒரு பெரிய வளையமாகச் சுற்றி வரச் செய்து, அந்த வளையம் மெல்ல மெல்ல மூச்சுத்திணறுவதை இயந்திரம் கவனிக்காதபடி வேறு இடங்களில் ஆடிக்கொண்டிருந்தால் போதும். ஓரளவு ஆடத்தெரிந்த மனிதன் அதைக் கண்டுகொள்வான். இயந்திரம் கடைசி நிமிடம் வரைக்கும் தான் வெல்வதாகவே நம்பிக்கொண்டிருக்கும்.

இதை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது 1998. அமெரிக்காவில் நடந்த கோ மாநாட்டில், ‘மெனி ஃபேஸஸ் ஒஃப் கோ’ என்ற அக்காலத்து நல்ல நிரல் ஒன்றுக்கு மார்ட்டின் முல்லர் 29 கல் முன்கூட்டிக் கொடுத்தார். இருபத்தொன்பது! அப்படியிருந்தும் அவர் வென்றார். முல்லர் கணினிக் கோ ஆராய்ச்சியாளர். இப்படிப்பட்ட நிரல்கள் எங்கே குருடு என்று அவருக்குத் தெரியும். அதே நிரலோடு வழக்கமான ஒரு ஆட்டக்காரன் 29 கல் கொடுத்து ஆடியிருந்தால் துவைத்துக் காயப்போட்டிருக்கும். இடையில் 25 வருஷம். ஒரு பக்கம் கற்றுக்குட்டியிடமே தடுமாறும் நிரல், மறுபக்கம் உலகச் சாம்பியனை வெல்லும் நிரல். இரண்டையும் விழுத்தியவர்கள் அவற்றை உள்ளும் புறமும் தெரிந்த ஆட்கள். எலோ என்ற கணக்கு, நான் உன்னை வென்றால், நீ அவனை வென்றால், நானும் அவனை வெல்வேன் என்று நம்பியே போடப்படுகிறது. பெரும்பாலான நேரம் அது சரி. பெல்ரினுக்கும் கட்டாகோவுக்கும் நடுவில் அது சரியல்ல. எந்த மேசையில் எந்த இருவரைச் சேர்த்து உட்காரவைக்கிறோம் என்பதில் பாதி முடிவு இருக்கிறது என்பதை நான் சனிக்கிழமை மண்டபத்திலும் கண்டிருக்கிறேன். ஒரு நிந்தவூர்ப் பையன் எல்லோரையும் வெல்வான், சம்மாந்துறையிலிருந்து வருகிற ஒரு சிறுமியிடம் மட்டும் ஒவ்வொரு முறையும் தோற்பான்.

பலத்தைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்ததில் போன் கதையை விட்டுவிட்டேன். 1997இல் அன்றைய உலகச் சாம்பியன் கஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்று வென்ற டீப் புளூ செக்கனுக்கு 20 கோடி நிலைகளைப் பார்க்கும் பாரிய இயந்திரம். 2009இல் புவனஸ் அயர்ஸில் நடந்த ஒரு போட்டியில் பாக்கெட் ஃபிரிட்ஸ் என்ற எஞ்சின், கையடக்கப் போனில் ஓடி, பத்துக்கு ஒன்பதரை எடுத்தது. செக்கனுக்கு இருபதினாயிரம் நிலைகூட அது பார்க்கவில்லை. பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகம், ஆனால் ஆட்டம் பெரிய மாஸ்டர்களின் ஆட்டம். எங்கள் மண்டபத்துக்கு இதன் பொருள் என்னவென்றால், கழிவறைக்குப் போகும் பையனின் காற்சட்டைப் பையில் உலகச் சாம்பியனைவிட வலிய ஒருவன் இருக்கலாம். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது வாசலில் சோதனைக் கருவி வைத்து மணிக்கூடு வரைக்கும் வெளியே வைக்கச் சொன்னார்கள். எங்களிடம் கருவி இல்லை. ஒரு பிளாஸ்ரிக் கூடை இருக்கிறது. போனெல்லாம் அதற்குள். சில பெற்றோருக்கு இதில் மனவருத்தம், தங்கள் பிள்ளையைக் கள்ளன் என்கிறேனாம்! கூடை எல்லாருக்கும்தானே என்று சொல்லிவிட்டு என்னுடைய போனை முதலில் போடுவேன்.

எஞ்சினை எப்போது பிள்ளைகளின் கையில் கொடுப்பது என்று என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு. சென்னையின் குகேஷை அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா இளவயதில் எஞ்சின் பக்கம் அண்டவிடாமல் வளர்த்தார் என்பது பலருக்குத் தெரியும். 2024 டிசம்பரில் பதினெட்டு வயதில் அவர் உலகச் சாம்பியன் ஆனார். அது ஒரு பிள்ளையின் கதை, அதிலிருந்து விதி எடுக்க எனக்குத் துணிவில்லை. என் வழக்கம், முதலில் ஆட்டத்தை எழுதிவைத்து இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து அலசவேண்டும், எங்கே பிழை என்று அவர்களே சொல்லவேண்டும், அதன்பிறகுதான் ஸ்டொக்ஃபிஷைத் திறப்போம். அது சொல்லும் +0.7, –1.3 என்ற எண்களை நம்பி ஆட்டத்தைப் படிக்கத் தொடங்கினால் பிள்ளை எண்ணை மட்டும்தான் பார்க்கும்.

குத்தியைப் பற்றிக் கேட்ட அந்தப் பிள்ளை மருதமுனை. அவள் வாப்பா தறிக்காரர். போன வருஷம் அவள் 9×9 பலகைக்கு ஒரு கோ நிரல் எழுதினாள், பைத்தனில், குலோமின் வழியில். எதிரியாக குனூ கோவை வைத்தோம். பழைய நிரல், ஆனால் விதிகள் ஒழுங்காகத் தெரிந்தது, எப்போதும் ஒரே பலத்தில் நிற்கும், அளவுகோலாக வைக்க அதைவிட நல்லது இல்லை. நான் எத்தனை ஆட்டம் வேண்டும் என்று சொல்வதற்கு முன்னமே அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஆயிரம். நிறம் மாற்றி மாற்றி, தொடக்கத்தில் முதல் நான்கு கற்களை எழுந்தமானமாக வைத்து.

“கரண்ட் பில்லு யாரு கட்டுற சேர்?” என்று கேட்டாள்.

பாடசாலைக் கணினியில் ஓடவிட அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். கிடைத்தது, பாடசாலை நேரத்துக்குள் மட்டும் என்ற நிபந்தனையோடு. ஆகவே அவளுடைய ஆயிரம் ஆட்டம் காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு நின்று, அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அறுநூறு சொச்சம் ஆட்டத்தில் அவள் நிரல் நூற்றுக்குப் பதினெட்டு அளவில் வென்றுகொண்டிருக்கிறது. பைத்தன் மெதுவானது, சாதாரணதரப் பரீட்சை முடிந்ததும் சி++இல் திரும்ப எழுதப்போகிறாளாம்.